மோகனத்தில் இல்லாத மத்யமம்

“சார், இது நான் தந்த ஃபைல்தானா?” என்று அவர் கேட்டார். கூடத்தில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். “ஆமாம்மா, நீ அனுப்பினதுதான்” என்றேன்.

அது பொய். அந்த ஃபைலை நான் மாற்றியிருந்தேன். அந்தப் பொய்யால் கல்யாண் என்ற ஊரிலிருந்து வந்துகொண்டிருந்த ஒரு பெண்ணின் புள்ளியியல் படிப்பு நின்றது. இவருடைய பல வருட உழைப்பு ஒரே மத்தியானத்தில் உதவாது என்று ஒதுக்கப்பட்டது. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். அவரைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு உற்சாகம் வந்துவிடும். வந்தால் இதைச் சொல்லாமலே தாண்டிப் போய்விடக்கூடியவன் நான்.

அவருடைய பெயரை எழுதவில்லை. நேரில் ‘நீ’ என்றுதான் பேசினேன். என்னைவிட முப்பது வயது சின்னவர். எழுதும்போது அப்படி வரவில்லை.

நான் பம்பாய் மாதுங்காவில் ஒரு கல்லூரியில் புள்ளியியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். ஓய்வுக்குப் பிறகும் தேர்வுக்குழுவில் ஆலோசகன் என்று ஒரு நாற்காலி போட்டு வைத்திருந்தார்கள். அவர் செம்பூரில் பார்வையற்றவர்களுக்கான ஒரு பயிற்சி மையத்தில் கணக்கும் கம்ப்யூட்டரும் சொல்லித் தந்துகொண்டிருந்தார். பிறந்து வளர்ந்தது தாராவி. அப்பா தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். பள்ளியில் படிக்கும்போதே அவருக்குப் பார்வை போய்விட்டது.

ஒருநாள் என் அறைக்கு வந்தார். மடக்குக் கோலை மடித்துப் பையில் போட்டார். நாற்காலியின் முதுகைத் தடவிப் பார்த்து உட்கார்ந்தார். லேப்டாப்பை எடுத்து மேஜையில் வைத்தார். வணக்கம்கூடச் சொல்லவில்லை.

“சார், ஒரு கிராஃப் கேக்கியளா?”

“கிராஃபைக் கேக்கறதாவது?”

“மொதல்ல இத மாட்டுங்க” என்று ஹெட்போனை நீட்டினார். “அளவு கூடினா சுருதி ஏறும். கொறஞ்சா எறங்கும். வருஷம் எடது காதுல தொடங்கி வலது காதுல முடியும். மாசத்துக்கு ஒரு டிக். அம்புட்டுதான். பரோட்டா வீசுத வேல இல்ல.”

பம்பாயின் ஒரு வருட மழை அது, நாள்வாரியாக. முதலில் இடது காதில் ஒரே கீழ் ஸ்வரம், டுக் டுக் டுக் என்று போய்க்கொண்டே இருந்தது. ஒரு டிக். மறுபடி அதே ஸ்வரம். இன்னொரு டிக். எனக்குப் பொறுமை போயிற்று.

“என்னம்மா, ஒண்ணுமே வரலையே?”

“மார்ச் மாசம் சார். பொறுங்க. ஊரே பொறுத்துக்கிட்டுதான இருக்கு.”

ஏப்ரல், மே. ஒலி மெல்ல மெல்ல நடு மண்டைக்கு வந்தது. அதே கீழ் ஸ்வரம். பிறகு சின்னதாக ஒரு துள்ளல். மறுபடி அடக்கம். இன்னொரு துள்ளல். அப்புறம் ஒரேயடியாக உச்சிக்குத் தாவியது பாருங்கள், நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன்! ஹெட்போன் கம்பி இழுத்து லேப்டாப் சரிய, அவர் சத்தத்தை வைத்தே அதைப் பிடித்தார்.

“ஜூன் வந்துட்டு போலிருக்கே” என்று சிரித்தார்.

அந்த வரைபடத்தை நான் எத்தனை வருஷம் கரும்பலகையில் போட்டிருக்கிறேன்! கண் நேராக ஜூலையின் கோபுரத்துக்குத்தான் போகும். அடியில் படுத்திருக்கும் அந்த ஐந்து மாதக் கோட்டை எந்த மாணவனும் பார்த்ததில்லை, நானும் பார்த்ததில்லை. காதால் அப்படித் தாவ முடியாது. மழை வரும்வரை காத்திருந்துதான் ஆக வேண்டும். என் பாடத்தில் இருந்த ஒன்றை வேலையை விட்ட பிறகு முதல்முறையாகத் தெரிந்துகொண்டேன். இரண்டாம் முறை போடச் சொன்னேன். மூன்றாம் முறையும்.

அந்த மழையில் நடுநடுவே ‘டொக்’ என்று மரத்தைத் தட்டுகிற மாதிரி ஓர் ஓசை வந்தது. என்ன என்று கேட்டேன்.

“அன்னைக்கு யாரும் அளந்து எழுதல. அதான் தட்டு.”

“சைஃபர்னு போட்டுட வேண்டியதுதானே?”

அவர் முகம் மாறிவிட்டது. “பெய்யாததும் எழுதாததும் ஒண்ணா சார்? நீங்க புரொஃபசர்தான?”

அவர் சுபாவம் முழுக்க இந்தக் கேள்வியில் இருக்கிறது. எதையும் இதமாக்கித் தந்தால் அவருக்குப் பிடிக்காது. பார்வையில்லாதவரிடம் உலகம் எப்போதும் இதமாகத்தான் பேசுகிறது. அது அவருக்கு எரிச்சல். என் வீட்டுக்கு வந்தபோது என் மனைவி, “பால்கனியிலேர்ந்து பார்க்க ரொம்ப அழகா இருக்கும்மா” என்றாள். “நல்லாருக்குன்னு சொல்லாதீங்க மாமி, எப்பிடி இருக்குன்னு சொல்லுங்க” என்றார் இவர். என் மனைவி திகைத்துப்போய், எதிர்க் கட்டடத்தின் உடைந்த குழாய், அதன் கீழே பாசி, கம்பியில் காயும் பெட்ஷீட் என்று ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தாள். இருவரும் ஒரு மணிநேரம் அங்கேயே நின்றார்கள். காபி ஆறிப்போனது.

இன்னொரு நாள் மாதுங்காவில் ஒரு ஹோட்டலில் இட்லிக்குக் காத்திருந்தோம். பேப்பரில் வந்திருந்த விலைவாசி வரைபடத்தை அவருக்குச் சொன்னேன். “ஒரே மேடும் பள்ளமுமா இருக்கு” என்றேன்.

“அரே, மேடு பள்ளம் சயான் ரோட்டுலயும் இருக்கு சார். எது பெரிய மேடு? எதுக்குப் பெறவு எது? கடைசில ஏறுதா எறங்குதா?”

பக்கத்து மேஜைக்காரர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, முப்பது வருஷம் பாடம் நடத்தியவன், ஒரு வரைபடத்தை முதலிலிருந்து ஒழுங்காகப் படித்தேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் தாராவியில் அவர்கள் சபையின் பாடகர் குழுவைப் பழக்குவார். ஒரு கிறிஸ்துமஸ் சமயம் என்னைக் கூப்பிட்டார். நான் கச்சேரி கேட்டு வளர்ந்தவன். ஒரு குரல், ஒரு ராகம், அதற்குத் துணையாக மற்றதெல்லாம். அங்கே ஒரே பாட்டை நான்கு வகைக் குரல்கள் நான்கு வழியாகப் பாடின. எனக்கு எல்லாம் கலந்து ஒரு பெரிய ஓசையாகக் கேட்டது. அவர் கீபோர்டில் கையை நிறுத்தினார்.

“ஆம்பளைங்கள்ல கதவுப் பக்கம் நிக்கவரு. ஆமா, ஒங்களத்தான். மத்தியானம் என்ன சாப்பிட்டிய?”

“பிரியாணிதான்க்கா.”

“அது பாடுது. நீங்க தூங்குதிய.”

மொத்தக் கூட்டமும் சிரித்தது. அந்த மனிதரும் சிரித்துவிட்டு அடுத்த முறை ஒழுங்காகப் பாடினார்.

திரும்பி வரும் வழியில் அவர் படபடவென்று பேசினார். ஒரு வரைபடத்தில் நான்கு கோடுகள் இருந்தால் நான்கு குரல்களாகப் போடலாம் என்று அன்றுதான் சொன்னார். மறுவாரமே செய்தும் காட்டினார். நான்கு ஊர்களின் வெயில், நான்கு குரலில். எனக்கு முதலில் சந்தைக் கூச்சல். “ஒரு ஆளைப் புடிச்சுக்கிட்டுப் பின்னாலயே போங்க சார், ஸ்டேஷன் கூட்டத்துல போற மாதிரி” என்றார். போனேன். தாணேயின் குரல் மற்றவற்றைத் தாண்டி மேலே ஏறுவது தனியாகக் கேட்டது. கேட்டேவிட்டது! குழந்தை மாதிரி கை தட்டினேன்.

இதையெல்லாம் அவர் விளையாட்டுக்குச் செய்யவில்லை. அவர் படித்த காலத்தில் தேர்வில் படம் வந்தால் அவருக்கு மட்டும் மாற்றுக் கேள்வி.

“எல்லாரும் கிராஃபைப் பாத்துக் கணக்குப் போடுவாவ. நான் ஒக்காந்து ‘சராசரி என்றால் என்ன, விளக்குக’ன்னு கட்டுர எழுதுவேன். கருணையாம். பெறவு மேல்படிப்புக்குப் போனா, நீ கிராஃப் பக்கமே எழுதலியேம்மாங்காவ. கத்தம். கதவச் சாத்தியாச்சு.”

எங்கள் கல்லூரியிலும் அதே விதிதான். கல்யாணிலிருந்து தினமும் ரயிலில் வரும், பார்வையில்லாத ஒரு மாணவி புள்ளியியலை முதன்மைப் பாடமாக எடுக்க ஆசைப்பட்டாள். இவரிடம் மாலையில் ஒலி வரைபடம் பழகினாள். தேர்வில் அவளுக்கு மாற்றுக் கேள்வி வேண்டாம், அதே வரைபடத்தை ஒலியாகத் தர வேண்டும் என்று இவர் எங்கள் குழுவிடம் கேட்டார். நான் முழு மூச்சாக ஆதரித்தேன். குழு ஒரு சோதனை வைத்தது. அந்தப் பெண் முன்பின் கேட்டிராத மூன்று வரைபடங்களை எங்கள் முன்னால் கேட்டு, என்ன இருக்கிறது என்று சொல்ல வேண்டும். சொன்னால் விதி மாறும். இல்லாவிட்டால் மாற்றுக் கேள்விதான், புள்ளியியல் கிடையாது.

ஃபைல்கள் நடுநிலையான ஒருவரிடம் இருக்கட்டும் என்றார் முதல்வர். “சார்கிட்டயே இருக்கட்டும்” என்று இவர்தான் சொன்னார்.

அதற்கு முந்தின கூட்டத்தில் குழுவினருக்கு அந்த மழையைப் போட்டுக் காட்டியிருந்தோம். எங்கள் இயற்பியல் பேராசிரியர் சயான் பக்கம் ஒரு கச்சேரியையும் விடாதவர். அவர் காதைப் பொத்திக்கொண்டார். “விஷயம் இருக்கலாம் சார். ஆனா ஸ்வர ஸ்தானத்துலயே நிக்கலை. காதைக் குடையறது.” மற்றவர்கள் தலையாட்டினார்கள். அந்தத் தலையாட்டல் எனக்குப் பயத்தைக் கொடுத்தது. தோற்றுவிடுவாளோ என்ற பயம்.

ஆகவே வீட்டில் உட்கார்ந்து அந்த மூன்று ஃபைல்களையும் மோகன ராகத்தில் பொருத்தினேன். கஷ்டமான வேலையில்லை. ஒவ்வொரு புள்ளியின் சுருதியையும் மோகனத்தின் ஐந்து ஸ்வரங்களில் எது அருகில் இருக்கிறதோ அதற்கு நகர்த்தினேன். கேட்டால் சொக்கிப்போவீர்கள். புல்லாங்குழல் மாதிரி இருந்தது. என் மனைவியைக் கூப்பிட்டுப் போட்டுக் காட்டினேன். அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் வேண்டாம் என்பார் என்று தெரியும்.

சோதனையில் முதல் இரண்டு வரைபடங்களையும் அந்தப் பெண் பிரமாதமாகச் சொன்னாள். ஏற்றம், எங்கே வேகம், எங்கே தேக்கம். இயற்பியல்காரர் தொடையில் தாளம் போட்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மூன்றாவது, ஓர் ஆலையில் நிரப்பிய எண்ணெய் பாக்கெட்டுகளின் எடை. எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவு. ஒன்று மட்டும் கொஞ்சம் கூடுதல். அந்த ஒன்றைக் கண்டுபிடிக்கத்தான் அப்படிப்பட்ட வரைபடமே போடுகிறோம். மற்றவை காந்தாரத்தை ஒட்டி இருந்தன. அந்த ஒரு பாக்கெட் சுத்த மத்யமத்தில் இருந்தது. மோகனத்தில் மத்யமம் கிடையாது. அருகில் இருப்பது காந்தாரம். நான் அதைக் காந்தாரத்துக்கு இழுத்துவிட்டிருந்தேன்.

அந்தப் பெண் தலையைச் சாய்த்துக் கேட்டாள். “எல்லாம் ஒரே மாதிரி இருக்கு. வித்தியாசமா எதுவும் இல்ல” என்றாள்.

திரையில் எல்லோருக்கும் அந்தப் புள்ளி தெரிந்தது, வரிசையில் ஒருவன் மட்டும் எழுந்து நிற்பதுபோல. “நல்லா யோசிச்சுச் சொல்லும்மா” என்றார் முதல்வர். அவள் மறுபடி கேட்டாள். நெற்றி வியர்த்துவிட்டது. “இல்ல சார்.”

அப்போதுதான் இவர் என் பக்கம் திரும்பி அந்தக் கேள்வியைக் கேட்டார். நானும் அந்தப் பதிலைச் சொன்னேன். ஏன் என்று பல முறை யோசித்திருக்கிறேன். அத்தனை பேர் முன்னால் நான் ஓர் அசடாக நிற்க விரும்பவில்லை. வேறு பெரிய காரணம் இல்லை.

அவர் லேப்டாப்பை மூடினார். அந்தப் பெண்ணின் தோளைத் தொட்டு, “வா பிள்ள, ரயிலுக்கு நேரமாச்சு” என்றார். ஒலி போதுமானதாக இல்லை என்று குழு எழுதியது. அந்தப் பெண் வரலாற்றுக்கு மாறிப்போனாள். இவர் எனக்குப் போன் செய்வதை நிறுத்திவிட்டார்.

ஒரு வருஷத்துக்கு மேல் நான் வாயைத் திறக்கவில்லை. “பால்கனியில பேசிண்டிருந்தாளே, அந்தப் பொண்ணு ஏன் இப்பல்லாம் வரதே இல்லை?” என்று என் மனைவி கேட்டுக்கொண்டே இருந்தாள். ஒருநாள் சொல்லிவிட்டேன். காய் நறுக்குவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

“அவ மழையையே அப்படியே குடுத்தா. உங்களை யாரு அதுக்கு ஜோடனை பண்ணச் சொன்னா? சரி, பண்ணினேள். கேட்டப்போ மாத்திட்டேன்னு சொல்லித் தொலைக்கறதுக்கென்ன?”

மறுநாள் முதல்வரிடம் போனேன். “சார், முடிஞ்சு போனதை ஏன் கிளறணும்? உங்க பேரும் கெடும்” என்றார். கெடட்டும், குழுவைக் கூட்டுங்கள் என்றேன். பிறகு செம்பூருக்குப் போய் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவே இல்லை.

“மத்யமம் காணாமப் போனது எனக்கு அன்னைக்கே தெரியும். ஃபைல் ஒங்க கையில இருந்துச்சு. ஒங்க வாயால வரட்டும்னு இருந்தேன்” என்றார். பிறகு, “கூட்டத்துக்கு வாரேன். ஆனா பேச மாட்டேன். நீங்க பேசுங்க.”

பேசினேன். செய்ததையும் சொன்ன பொய்யையும் குழுவின் முன் சொன்னேன். ஒருவர் முகத்தையும் பார்க்க முடியவில்லை. பிறகு மூன்றாவது வரைபடத்தின் அச்சுப்படியை மேஜையில் வைத்து, மேலே ஒரு பேப்பரைப் போட்டு மூடினேன். முதலில் என் ஃபைலைப் போட்டேன். இதமாக ஓடி முடிந்தது. அடுத்து அவருடையது. காந்தாரத்தைச் சுற்றி லேசாக ஆடிக்கொண்டே போனது, போனது, திடீரென்று இயற்பியல்காரர் முகம் சுளித்தார்.

“இதோ! இதைத்தான் அன்னிக்கே சொன்னேன். இங்கதான் குத்தறது.”

“எங்க சார்?” என்று கத்தியேவிட்டேன். “மறுபடி போடறேன். எந்த இடம்னு இந்தப் பேப்பர் மேல கையை வைங்கோ. இடது ஓரம் ஆரம்பம், வலது ஓரம் முடிவு.”

போட்டேன். அவர் விரல் பேப்பரின் மேல் மெல்ல நகர்ந்து, பாதியைத் தாண்டி ஓரிடத்தில் நின்றது. “இங்க.” நான் பேப்பரை அந்த விரலை ஒட்டிக் கிழித்தேன். அவர் விரல் நுனிக்கு நேராக, மற்றவற்றைவிட்டு மேலே எழும்பி, அந்தப் புள்ளி இருந்தது.

இயற்பியல்காரர் விரலை எடுக்காமலே உட்கார்ந்திருந்தார். “அபஸ்வரம்னு நினைச்சேனே” என்றார், தனக்குத்தானே.

விதி மாறியது. தேர்வில் ஒலி வரைபடம் உண்டு. ஃபைல்கள் இரண்டு பேர் பொறுப்பில் இருக்க வேண்டும், அதில் ஒருவர் பார்வையில்லாதவராக இருக்க வேண்டும் என்ற பிரிவை அவர் சேர்க்கச் சொன்னார். அந்த இருவரில் நான் இல்லை. அதுவும் அவர் சொன்னதுதான்.

படியிறங்கும்போது மன்னிப்புக் கேட்டேன். அவர் நின்றார்.

“அன்னைக்கு நீங்க செஞ்சது தப்பு. இன்னைக்குச் செஞ்சது சரி. ரெண்டும் ரெண்டாவே இருக்கட்டும் சார். நான் கூட்டிச் சராசரி எடுக்க மாட்டேன்.”

பிறகு, “அந்தப் பிள்ளைட்ட சொன்னியளா?” என்றார்.

இல்லை. அவளிடம் போகத்தான் எனக்குத் தைரியம் வரவில்லை. அடுத்த ஞாயிறு கல்யாணுக்குப் போனேன். அவளுடைய அம்மா டீ கொடுத்தார். நான் சொன்னதையெல்லாம் அந்தப் பெண் குறுக்கிடாமல் கேட்டாள். முடித்ததும், “அப்போ அதுல அந்தப் பாயின்ட் இருந்ததே இல்லையா?” என்றாள்.

“நீ கேட்டதுல இல்லைம்மா. நான் எடுத்துட்டேன்.”

“என் காதுதான் லாயக்கில்லைன்னு நெனச்சிட்டு இருந்தேன், இவ்வளவு நாளா. மிஸ் ஃபோன் பண்ணினாக்கூட எடுக்கல.”

பொய்க்கு இப்படி ஒரு விலை இருந்திருக்கிறது. எனக்குத் தெரியவே இல்லை. படிப்பு போனது மட்டும்தான் நஷ்டம் என்று நினைத்திருந்தேன்.

அந்த வாரமே அவள் செம்பூருக்கு வந்தாள். நானும் போயிருந்தேன். யாரும் என்னை உட்காரச் சொல்லவில்லை, போகவும் சொல்லவில்லை, சுவரோரம் நின்றேன். அவர் ஒன்றும் விளக்கம் சொல்லாமல் உண்மையான ஃபைலைப் போட்டார். அந்தப் பெண் தலையைச் சாய்த்தாள். காந்தாரம் ஆடி ஆடிப் போய்க்கொண்டிருந்தது. மத்யமம் வந்த கணத்தில் அவள் கை சட்டென்று மேலே எழுந்தது, வகுப்பில் பதில் தெரிந்த பிள்ளை தூக்குவது மாதிரி.

“இங்க! மிஸ், இங்க!”

“ஆமா பிள்ள. அங்கதான்.”

அவள் அழுதாள் என்று நினைக்கிறேன். துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். நான் மன்னிப்புக் கேட்டேன். என் குரல் வந்த பக்கம் திரும்பினாள். மறுபடி லேப்டாப் பக்கம் திரும்பி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

“மிஸ், இது ரொம்ப ஈஸி. இதைவிடக் கஷ்டமா ஒண்ணு போடுங்க.”